தீவு வந்தாலும் கோடு போகாது

கச்சத்தீவை மீட்டுவிட்டால் தமிழக மீனவர் சிக்கல் தீர்ந்துவிடும் என்கிறார்கள். தேர்தல் மேடையில் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்தில் சொல்கிறார்கள், டீக்கடை பெஞ்சிலும் சொல்கிறார்கள். கட்சி பார்க்காமல் தமிழ்நாடு முழுக்கத் தலையாட்டுகிற சங்கதிகள் சிலவே. அவற்றில் இது ஒன்று. தலையாட்டியே பழகியதால் யாரும் இதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. புரட்டிப் பார்த்தால் வலி வலது காலில் இருக்கிறது, கட்டு இடது காலில் இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். சுமார் 285 ஏக்கர் கொண்ட அந்தத் தீவு ராமநாதபுரம் ஜமீனின் குத்தகைக் கணக்கில் இருந்தது. நம் மீனவர்கள் அங்கே வலை உலர்த்தினார்கள், அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வந்தார்கள். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அது இலங்கைப் பக்கம் போனது. நாட்டின் நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று, பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானோடு பங்கிடும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960 இலேயே கருத்துச் சொல்லியிருந்தது. கச்சத்தீவுக்கு அப்படி எந்தத் திருத்தமும் நடக்கவில்லை. எனவே அந்தக் கைமாற்றம் செல்லாது, தீவை மீட்க வேண்டும், மீட்டால் கைதுகள் நிற்கும். இதே கோரிக்கையோடு ஜெயலலிதா 2008 இல் உச்ச நீதிமன்றம் போனார், கருணாநிதி 2013 இல் போனார், 2025 ஏப்ரல் 2 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

நிலத்தை நாம் கொடுக்கவே இல்லை, எல்லை வரையப்படாத சர்ச்சைப் பகுதியைத்தான் பேசி முடித்தோம் என்பது ஒன்றிய அரசின் பதில். யார் சரி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அந்த வழக்கில் நான் கை வைக்கவில்லை. ‘மீட்டால் கைதுகள் நிற்கும்’ என்கிற கடைசிப் படி இருக்கிறதே, அங்கேதான் எனக்குத் தகராறு.

இதைப் பேசத் தூத்துக்குடி மாவட்டத்து ஆறுமுகநேரிக்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எங்கள் ஊர்த் தெருவில் நின்றால் கடல் தெரியாது. உப்பளம் தெரியும், பாத்திகளுக்கு நடுவே வரப்பு தெரியும். ஆனால் கிழக்கே கொஞ்ச தூரத்தில் காயல்பட்டினம், வடக்கே புன்னைக்காயல், தெற்கே வீரபாண்டியன்பட்டினம் என்று மன்னார் வளைகுடாவின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். கச்சத்தீவு பேச்சில் இந்த வளைகுடாவின் பெயர் அடிபடுவதே இல்லை. என் சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

புன்னைக்காயலில் ஒரு நண்பர். எங்கள் மாவட்டத்துத் தருவைகுளத்துப் படகுகளில் பல தடவை தங்கல், அதாவது கடலிலேயே நாள்கணக்கில் தங்கிப் பிடிக்க, போய்வந்தவர். அவருடைய ஜி.பி.எஸ். கருவியைப் பாலித்தீன் பையோடு என் கையில் கொடுத்தார். திரையில் சேமித்து வைத்த இடங்கள் எறும்பு மொய்த்த மாதிரிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ‘பார் 2’, ‘கல்’, ‘வலை மாட்டுனது’. கிழக்கு ஓரத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. பார்டர் என்றார். கச்சத்தீவு இதில் எங்கே என்று கேட்டேன். விரலால் திரையை இழுத்து இழுத்து வடக்கே கொண்டுபோனார். “அது அங்கிட்டுல்லா இருக்கு அண்ணாச்சி. அங்க கொடி மாறுனா கல்பிட்டி நேவி எங்கள விட்டுருவானா?”

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. பதிலை எண் போட்டே சொல்கிறேன்.

1. கோடு தீவிலிருந்து பிறக்கவில்லை.

கடல் எல்லை எப்படி வரையப்படுகிறது என்று தெரிந்தால் பாதி மயக்கம் தெளியும். கரையில் நீர் வற்றி இறங்கும்போது தெரிகிற தாழ்நீர்க் கோட்டிலிருந்து அளக்கத் தொடங்குகிறார்கள். 12 கடல் மைல் வரை, அதாவது 22 கி.மீ. சொச்சம், அந்நாட்டின் ஆட்சிக் கடல். 200 கடல் மைல் வரை மீனுக்கும் பிற வளங்களுக்கும் உரிமை தருகிற பொருளாதார மண்டலம். 1982 இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்வது இது. 1976 இல் இந்தியா தனக்காக இயற்றிக்கொண்ட கடல் மண்டலச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. ஆனால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இருப்பது சுமார் 30 கி.மீ. இருபக்கமும் 22 போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அப்படி ஏறினால், வேறு உடன்பாடோ வரலாற்று உரிமையோ குறுக்கே வராதவரை, இரு கரையிலிருந்தும் சம தூரத்தில் நடுக்கோடு போட வேண்டும்.

பாக் விரிகுடாவில் 1974 இல் ஆறு புள்ளிகளை இணைத்துப் போட்டது அப்படிப்பட்ட கோடுதான். தீவின் அருகே மட்டும் அது பேரத்துக்கு வளைந்து, தீவுக்கு ஒரு மைல் மேற்கே போகிறது. 1921 இல் கொழும்பில் சென்னை மாகாண அதிகாரிகளும் இலங்கை அதிகாரிகளும் பேசிய மீன்பிடிக் கோடு 3 மைல் மேற்கே போயிருந்தது.

சரி, தீவு நாளையே நம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அப்பால் நெடுந்தீவு இருக்கிறது, நடுவே 14, 15 கி.மீ. புதிய நடுக்கோடு அந்த இடைவெளியின் பாதியில் விழும். கிடைப்பது தீவைச் சுற்றி ஏழெட்டு கி.மீ. அகலத்தில் ஒரு கடல் துண்டு. அதை ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விசைப்படகுகள் தேடிப் போவது அந்தத் துண்டையா? நெடுந்தீவுக் கரையோரத்தையும் அதைத் தாண்டியும் அல்லவா போகிறார்கள்? கைது நடக்கிற தண்ணீர் அப்போதும் கோட்டுக்கு அந்தப் பக்கமே இருக்கும்.

தீவு கையில் இருந்தால் கடலெல்லாம் கையில் என்கிற நினைப்பை உலக நீதிமன்றங்களும் ஏற்கவில்லை. கருங்கடலில் உக்ரைனின் பாம்புத் தீவுக்கு அதைச் சுற்றியுள்ள 12 மைல் வளையத்தைத் தாண்டி எதுவும் கிடையாது என்று 2009 இல் சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கதேசத்தின் செயின்ட் மார்ட்டின் தீவில் ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள். அதற்கே 2012 இல் ஆட்சிக் கடல் கிடைத்ததே தவிர, அதற்கு அப்பால் கோட்டை நகர்த்தும் பலம் கிடைக்கவில்லை. குடிதண்ணீர்கூட இல்லாத கச்சத்தீவு எந்த மூலைக்கு?

2. மீன்பிடிக்கத் தடை போட்டது 1974 அல்ல, 1976.

1974 ஒப்பந்தம் நம் மீனவர்களும் யாத்ரிகர்களும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்றது. இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் வழிவழியாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்றும் ஒரு பிரிவு வைத்தது. அதில் மீன்பிடிப்பும் அடங்குமா என்று வாதாட இடம் இருந்தது. அந்த இடத்தை அடைத்தது 1976 மார்ச் 23. அன்று மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்குமான எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதங்கள் மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் கடலில் மற்றவரின் படகும் ஆளும் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதியது அந்தக் கடிதங்களில்தான். கச்சத்தீவின் பெயர் வராத காகிதம் அது.

தேதியைக் கவனியுங்கள். நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டுவிட்டது. சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஒருவர்கூட இல்லாத நாளில் ஒரு கரையின் பிழைப்பு கடித வடிவில் முடிவானது. கோபப்பட வேண்டுமானால் இதற்கல்லவா கோபப்பட வேண்டும்? ஐம்பது ஆண்டுகளாக நம் கோபம் முழுக்கத் தீவைச் சுற்றியே வருகிறது, கடிதத்தை யாரும் தொடுவதில்லை.

அதே கடிதத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் கரை என்னும் மீன்வளத் திட்டு இந்தியாவுக்கு வந்தது. அங்கே பிடித்துப் பழகிய இலங்கைக் கப்பல்களை மறுநாளே விரட்டவில்லை. ஆறு கப்பல்களுக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் கூடாது என்று கணக்குப் போட்டு மூன்றாண்டு தவணை கொடுத்தார்கள். கோடு ஒருபக்கம், கோட்டைத் தாண்டிப் பிடிக்கிற உரிமை இன்னொருபக்கம் என்று பிரித்துப் பார்க்க அரசுகளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

3. மன்னார் வளைகுடாவில் பிடிபடுகிறவன் யார் கணக்கு?

2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் தருவைகுளத்தைச் சேர்ந்த 22 பேரை இரண்டு படகுகளோடு இலங்கைக் கடற்படை கல்பிட்டிக் கடலில் பிடித்தது. இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள கல்பிட்டி கச்சத்தீவிலிருந்து 120 கி.மீ.க்கு மேல் தெற்கே இருக்கிறது, நடுவே ராமர் பாலம் என்கிற மணல்திட்டு வரிசை வேறு. ஒன்று பாக் விரிகுடா, மற்றது மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் கோடு வேறு, ஒப்பந்தம் வேறு, ஆண்டும் வேறு. கச்சத்தீவில் மூவர்ணக் கொடி பறந்தாலும் அந்த 22 பேருக்கு விலங்கு விழுந்தேதான் இருக்கும். தீவை மீட்கச் சொல்லி எங்கள் மாவட்டத்தில் மைக் பிடிப்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்துக்கொண்டு வரட்டும்.

4. வரலாற்று உரிமை என்று வாளெடுத்தால் அது இருபக்கமும் வெட்டும்.

எதிர்த்தரப்பின் கடைசிக் கோட்டை இது. சட்டம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இது பரம்பரை பரம்பரையாக எங்கள் கடல் என்பார்கள். வரலாறு என்று வந்துவிட்டால் எங்கள் கரையைவிட அதிகம் வைத்திருப்பவர் யார்? பழைய முத்துத் துறைமுகங்களான கொற்கையும் காயலும் எங்களுக்குப் பக்கத்து ஊர்கள். கடல் யாருடையது என்று ஐரோப்பியர் சண்டையிட்டபோது உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டதே இந்த வளைகுடாவைத்தான். கடல் எல்லோருக்கும் பொது என்று ஹாலந்தின் குரோஷியஸ் 1609 இல் எழுதினார். ஆனால் முத்துச் சிப்பி கிடக்கும் கடலடியை ஒருவர் உடைமையாக்கிக்கொள்ளலாம் என்பதற்கு பஹ்ரைனையும் இலங்கையையும் காட்டினார், 1758 இல் எழுதிய சுவிஸ் சட்ட அறிஞர் வாட்டெல். கடலின் அடித்தளம் யாருடையது என்று 1923 வாக்கில் கட்டுரை எழுதிய பிரிட்டிஷ் சட்ட ஆலோசகர் செசில் ஹர்ஸ்டும் இலங்கை முத்துப் பார்களைத்தான் சாட்சிக்கு அழைத்தார். நகராமல் கிடக்கும் உயிர்கள் கண்டத்திட்டோடு சேர்ந்தவை, நீந்தும் மீன் அப்படியல்ல என்று இன்றைய சட்டம் பிரிப்பதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

ஆனால் அந்த வரலாறு என்ன சொல்கிறது? கடல் எல்லோருக்கும் திறந்து கிடந்தது என்றா? கிடையாது. பாக் விரிகுடாவின் சங்குப் படுகையில் சங்கு எடுத்தவர்கள்மீது திருட்டு வழக்குப் போட்டார்கள். கரையிலிருந்து பல மைல் தள்ளிக் கடலுக்கடியில் கிடப்பது எப்படி ஒருவன் சொத்தாகும் என்பது கேள்வி. படுகை ராமநாதபுரம் ராஜாவின் உரிமைக்கு உட்பட்டது, குத்தகைதாரர் இருக்கிறார், அனுமதியில்லாமல் எடுத்தால் திருட்டுத்தான் என்கிற பக்கம் 1904 இல் சென்னை உயர் நீதிமன்றம் நின்றது. வரலாற்றுக் கதவைத் தட்டினால் திறந்துகொண்டு வருபவர் மீனவரல்ல, ராஜாவின் குத்தகைதாரர். அதே தர்க்கத்தில் இலங்கைப் பக்கத்து அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பார்கள் சந்தேகத்துக்கு இடமின்றி அந்தக் கரைக்குப் போகும்.

முத்துக்குளிப்பு நடந்த விதத்தைப் பாருங்கள். முதலில் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பி எடுத்து, முத்து தேறுமா என்று மதிப்புப் போடுவார்கள். தேறினால்தான் அறிவிப்பு வரும், தேறாவிட்டால் வருடக்கணக்கில் பார் சும்மா கிடக்கும். அறிவித்தால் இந்தக் கரைப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அரிப்புக்கும் போய்க் குளித்தார்கள். கல்லைக் காலில் கோத்து இறங்கி, மூச்சு தாங்குகிற மட்டும் அள்ளிக்கொண்டு ஏறினார்கள். பிரிட்டிஷார் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. தூத்துக்குடியின் தொள்ளாயிரம் பார் பெயர்பெற்றது, இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961 இல்.

பங்கு விகிதம் நியாயமா என்பது வேறு பஞ்சாயத்து. அந்த ஏற்பாட்டில் அடுத்தவன் கரைக்குப் போய்ப் பிழைக்க வழி இருந்தது. அனுமதியோடு, பருவத்தில், பங்கு கொடுத்து, மூச்சைத் தவிர வேறு இயந்திரம் இல்லாமல் போனார்கள். ‘எங்கள் பாரம்பரிய உரிமை’ என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு வரலாற்றில் உள்ள உண்மையான பொருள் இதுதான். கடலடியை அரித்து இழுக்கும் இழுவைமடி போட்ட விசைப்படகை அதற்குள் ஏற்ற முடியாது.

செங்கடலில் இதே கேள்வி வந்தது. எரித்ரியாவுக்கும் யேமனுக்கும் நடுவே ஹனிஷ் தீவுகள். 1998 இல் நடுவர் மன்றம் முக்கியத் தீவுகளை யேமனுக்குக் கொடுத்தது. தீவு போனாலும் இரு நாட்டுக் கைத்தொழில் மீனவர்களும் வழிவழியாகப் பிடித்தது தொடர வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. 1999 இல் வந்த அடுத்த தீர்ப்பு, எல்லைக் கோட்டைப் போட்டுவிட்டு அந்த உரிமை கோட்டுக்குக் கட்டுப்பட்டதல்ல என்றது. பெரிய இயந்திர மீன்பிடிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூ கினியும் டோரஸ் நீரிணைக்கு 1978 இல் செய்த ஒப்பந்தம் இன்னும் துணிச்சலானது. கடலடிக்கு ஒரு கோடு, மீனுக்கு வேறொரு கோடு, இரு பக்கத்துப் பூர்வ குடிகளும் வந்துபோக ஒரு பாதுகாப்பு மண்டலம். உரிமையாளர் யார் என்பதும் பிழைக்க யாருக்கு வழி என்பதும் இரண்டு கேள்விகள் என்று அங்கெல்லாம் புரிந்திருக்கிறது.

5. கிழித்தெறிவோம் என்றால் எதைக் கிழிப்பது?

சூழ்நிலை மாறிவிட்டது என்று காரணம் காட்டி எல்லை ஒப்பந்தத்தை உதற முடியாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. 1974 ஐ நாம் உதறினால் 1976 ஐ அவர்கள் உதறலாம். அப்போது வாட்ஜ் கரை மறுபடி பேச்சுக்கு வரும். வங்கக் கடலில் 2014 இல் நடுவர் மன்றம் சர்ச்சைப் பரப்பில் பெரும்பகுதியை வங்கதேசத்துக்குக் கொடுத்தபோது இந்தியா முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. கிழக்கே ஏற்ற நியாயத்தைத் தெற்கே மறுப்பது எப்படி? போரிட்டால்தான் கச்சத்தீவை எடுக்க முடியும் என்று அதே 2014 இல் அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். மேடையில் மீட்போம் என்பவர்கள் அந்த வாக்கியத்தை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

6. அந்தப் பக்கம் வலை விரிப்பவன் சிங்களவன் அல்ல.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் தமிழ் மீனவன். போர்க்காலத்தில் பெரும்பாலும் அவனைக் கடலுக்குள் சுதந்திரமாக விடவில்லை. 2009 க்குப் பிறகு சிறு படகோடு இறங்கினால், இரவு போட்ட வலையைக் காலையில் நம் விசைப்படகு அறுத்துப் போயிருக்கிறது. 2017 இல் இலங்கை இழுவைமடியைத் தன் மீனவர்களுக்கும் சேர்த்தே சட்டம் போட்டுத் தடை செய்தது. தமிழ்நாட்டிலோ விசைப்படகு கரையையொட்டிய கடலுக்குள் வந்து மீன்பிடிக்கக் கூடாது என்று 1983 சட்டம் சொல்கிறது. நாட்டுப்படகுக்காரனின் பிழைப்பைக் காக்கத்தான் அந்தச் சட்டம். தூத்துக்குடியில் விசைப்படகுக்கும் வள்ளத்துக்கும் நடந்த மல்லுக்கட்டு எல்லோருக்கும் தெரியும். புன்னைக்காயல் வள்ளக்காரனுக்கு விசைப்படகு செய்தால் அநியாயம், மன்னார்ப் பேசாலை வள்ளக்காரனுக்குச் செய்தால் பாரம்பரிய உரிமையா?

துப்பாக்கிச் சூட்டையோ, படகைப் பறிமுதல் செய்து துருப்பிடிக்க விடுவதையோ, கோடிக் கணக்கில் அபராதம் போடுவதையோ நான் நியாயப்படுத்தவில்லை. அவை அக்கிரமம். ஆனால் அந்த அக்கிரமத்தை நிறுத்தத் தீவு உதவாது.

உதவக்கூடியது 1976 இன் கடிதம். அனுமதியின்றிப் பிடிக்கக் கூடாது என்றுதான் அதில் இருக்கிறது, அப்படியென்றால் அனுமதி என்று ஒன்று தர முடியும். இத்தனை நாட்டுப்படகு, இத்தனை செவுள் வலை, இன்ன மாதங்கள், இன்ன கட்டணம் என்று அவர்களிடம் கேட்கலாம். அவர்களுடைய ஆழ்கடல் படகுகளுக்கு நம் பக்கத்தில் அதே மாதிரி கொடுக்கலாம். அரசியல் சட்டத் திருத்தம் வேண்டாம், போர் வேண்டாம். செயலர்கள் எழுதிய கடிதத்துக்குச் செயலர்களே இன்னொரு கடிதம் எழுதினால் போதும்.

அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை, இழுவைமடியைக் கைவிடுவது. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற 2017 இல் 1,600 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். ஒரு படகுக்கு 80 லட்சம், அதில் எழுபது சதவீதம் அரசு மானியம். அப்படியும் திட்டம் இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. உரிமம் கேட்டு நாளைக்கே பேச்சு தொடங்கினால் முதல் எதிர்ப்பு கொழும்பிலிருந்து வரப்போவதில்லை. நம் ஜெட்டியில், நம் விசைப்படகு உரிமையாளர்களிடமிருந்து வரும். அவர்களில் பலர் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.